மூன்றாவது சைரனுக்கு முன்

மரிக்கினா ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு மூன்று எண்கள் மனப்பாடம். ஆற்றில் தண்ணீர் 15 மீட்டரைத் தொட்டால் முதல் சைரன்; சர்டிபிகேட், மருந்து, மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொள்ள வேண்டும். 16 மீட்டர் என்றால் கிளம்ப வேண்டும். 18 மீட்டரில் மூன்றாவது சைரன். அதன் பிறகும் வீட்டுக்குள் இருந்தால் உங்களைத் தேடி ரப்பர் படகுதான் வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் மூன்றையும் தடுமாறாமல் சொல்லும்.

பிலிப்பைன்ஸில், மணிலா பெருநகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது மரிக்கினா. பிழைப்புக்காக இங்கே குடியிருக்கும் தமிழன் நான். ஆபீஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லிபிஸில். பாலத்தை மூடிவிட்டால் அன்றைக்கு ஆபீஸ் கிடையாது. அதனால் ஜூன் முதல் நவம்பர் வரை கண் விழித்ததும் பார்ப்பது ஆற்றின் அளவைத்தான்; காபி அதற்குப் பிறகு. ஊர் காலணித் தொழிலுக்குப் பேர்போனது. முன்னாள் அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸின் ஷூக்களில் ஒரு பகுதி இங்கே ஒரு மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் போட்டு வைத்திருக்கும் கோடுகளைக் காட்டுகிறார்கள். ஒரு கோடு 2009 செப்டம்பர் 26, ஒண்டோய் புயல். இருபத்து நான்கு மணி நேரத்தில் 455 மில்லிமீட்டர் மழை, ஆறு 21.5 மீட்டர். அதற்குச் சற்று மேலே இன்னொரு கோடு, 2020 நவம்பர், யூலிசஸ்.

உலகம் இந்தப் புயல்களை வேறு பெயரில் அறியும். ஒண்டோய்க்கு சர்வதேசப் பெயர் கெட்சானா. 2013இல் தக்லோபான் நகரைத் துடைத்தெடுத்து, 6,300 பேருக்கு எமனாக வந்த ஹையானை இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. யோலாண்டா என்றால்தான் புரியும். தன் எல்லைக்குள் நுழையும் ஒவ்வொரு புயலுக்கும் பகாசா என்கிற வானிலை நிறுவனம் தனியாக ஒரு பெயர் வைக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக இருபது நுழைகின்றன. பெரும் நாசம் செய்த பெயரைப் பிறகு பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஆனால் வீடுகளில் அந்தப் பெயர்கள் நிலைத்துவிடுகின்றன. ‘ஒண்டோயில் போன ஃபிரிட்ஜ்’, ‘யூலிசஸில் போன கல்யாண ஆல்பம்’ என்று ஒவ்வொரு குடும்பமும் இழப்புக் கணக்கைப் புயல் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறது.

வெள்ளத்தை அளக்கவும் இங்கே தனி முறை. மணிலா பெருநகர ஆணையம் அங்குலத்தோடு உடம்பு, வண்டி அளவுகளையும் சேர்த்து அறிவிக்கும்: நடைபாதை விளிம்பளவு, அரை முழங்கால், அரை டயர், முழங்கால், முழு டயர், இடுப்பு, மார்பு. அரை டயரைத் தொட்டால் சின்ன வண்டிகள் போகக்கூடாது. முழு டயர் என்றால் எந்த வண்டிக்கும் வழியில்லை. தண்ணீரில் நடந்து வந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை. டாக்டர் எத்தனை சாப்பிடச் சொல்வார் என்பதுகூட மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் வெயில் வந்தால் தெரு முழுக்க மெத்தை காயும். பாட்டு பாடும் வீடியோகே பெட்டியை யாராவது முதலில் உயிர்ப்பித்துவிடுவார்கள்.

2025 ஜூலை 22 அன்று புலாகான் மாகாணத்தின் மலோலோஸ் நகரில், பராசோயின் தேவாலயத்தில் ஒரு கல்யாணம். தேவாலயத்துக்குள் முழங்கால் வெள்ளம். மணப்பெண் வெள்ளை கவுன் பின்னால் மிதக்க, தண்ணீரில் நடந்து பீடத்துக்குப் போனார். 1898இல் முதல் பிலிப்பைன்ஸ் குடியரசின் அவை கூடிய அதே தேவாலயம். படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. என்ன வந்தாலும் தாக்குப்பிடிக்கும் மக்கள், சிரிப்பை விடாத மக்கள் என்று எழுதினார்கள்.

அப்படி மெச்சுகிறவர்களின் வரிசையில் எப்போதும் முதல் ஆளாக அரசாங்கம் நிற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மக்கள் தாங்களாகவே சமாளித்துக்கொள்ளும் ஒவ்வொரு காரியத்திலும் அரசு செய்திருக்க வேண்டிய ஒரு வேலையின் செலவு யாருக்கோ மிச்சமாகிறது. அந்த மிச்சம் யார் வீட்டுக்குப் போனது என்ற கேள்வி 2025இல்தான் தெருவுக்கு வந்தது. அதற்கு வருகிறேன். முதலில் கடைக்குப் போக வேண்டும்.

கம்பி வலைக்குப் பின்னால்

என் தெரு முனையில் ஒரு சாரி-சாரி கடை. நம்ம ஊர்ப் பெட்டிக்கடைதான். முன்பக்கம் முழுக்க இரும்புக் கம்பி, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். தெருவே அவரை ‘ஆத்தே’ என்கிறது, அக்கா என்று அர்த்தம். ஆண்கள் எல்லோரும் ‘குயா’, அதாவது அண்ணன். டிரைவரோ வாட்ச்மேனோ முன்பின் தெரியாத ஆளோ, உறவு வைத்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். கூடவே ஒரு ‘போ’ சேர்த்தால் மரியாதை. நம் ஆட்களுக்கு இது சட்டென்று பழகிவிடும்.

ஆத்தேயிடம் பூண்டைப் பல் கணக்கில் வாங்கலாம். எண்ணெய் சின்ன பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுத் தொங்கும். சிகரெட் ஒன்று, டயாபர் ஒன்று, காய்ச்சல் மாத்திரை ஒன்று. ஷாம்பு, பேஸ்ட், துணிப்பொடி, காபி எல்லாம் சரம் சரமாக பாக்கெட்டில். ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்று இந்தியாவுக்குக் காட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அந்த யோசனை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை இங்கே பார்க்கலாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி பிலிப்பைன்ஸில் ஒரு நாளைக்கு 16 கோடிக்கும் மேல் பாக்கெட்டுகள் கிழிபடுகின்றன. அதில் நிறைய கடைசியில் சாக்கடைக்கும் ஆற்றுக்கும்தான். வெள்ளம் வந்தால் அதிகாரிகள் முதலில் கைகாட்டுவதும் அதைத்தான்: மக்கள் குப்பை போடுகிறார்கள், தண்ணீர் தேங்குகிறது.

இதை ஆத்தேயிடம் சொன்னால் கோபம் வரும். “பாட்டில் வாங்கக் காசு இருந்தா அவன் என் கடைக்கு ஏன் வர்றான் குயா? மால்ல போய் வாங்கியிருப்பானே.” மணிலாவில் குறைந்தபட்ச தினக்கூலி 2025 ஜூலையில் 695 பெசோ ஆனது. ஒரு பெசோ ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். அந்தக் கூலியும் சட்டப்படி நடக்கும் கம்பெனிகளில்தான். கூலி அன்றாடம் வந்தால் சாமானும் அன்றாடம்தான் வாங்க முடியும்.

மிச்சத்துக்கு ஆத்தேயின் கடன் நோட்டு இருக்கிறது. நோட்டுக்கும் மேலே போனால் மோட்டார் சைக்கிளில் வரும் ‘பும்பாய்’. பம்பாயிலிருந்து வந்தவர் என்ற கணக்கில் இந்தியர் எல்லோருக்கும் இங்கே அந்தப் பெயர்தான். ஆனால் வட்டிக்கு விடும் அந்த ஆட்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள். ஐந்து கொடுத்தால் ஆறாகத் திருப்ப வேண்டும். தொழிலின் பெயரே ‘ஃபைவ்-சிக்ஸ்’. குடை, கொசுவலை, மின்விசிறி எல்லாம் தவணைக்குக் கொடுப்பதும் உண்டு. சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையிடம் ‘பும்பாய் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்’ என்று பயமுறுத்துவது வழக்கம். நான் குடிவந்த புதிதில் எதிர்வீட்டுக் குழந்தை என்னைக் கண்டதும் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அம்மாவோ வேறு ரகம். என்ன வட்டி என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

கடை வாசலில் ஒரு முருங்கை நிற்கிறது. தெருவில் யார் வேண்டுமானாலும் கேட்காமல் கீரை பறித்துக்கொள்ளலாம். இஞ்சி போட்ட கோழிக் குழம்பில் கடைசியாக அதைத் தூவி இறக்குவார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுப்பதும் அதையேதான். காயை மட்டும் இந்தப் பக்கம் சீண்டுவதில்லை, வடக்கே இலோகோஸ்காரர்கள் சாப்பிடுவார்கள். நான் தொரட்டியோடு போய்க் காய் பறிப்பது தெருவுக்கு ஒரு வேடிக்கை.

நாட்டு நடப்பு எனக்கு இந்தக் கம்பி வழியாகத்தான் வருகிறது. 2022 கடைசியில் வெங்காயம் கிலோ 700 பெசோவைத் தொட்டது. அன்றைய தினக்கூலி 570. ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் ஒரு கிலோ வெங்காயம் கிடையாது. ஆத்தே வெங்காயத்தை இரண்டாக வெட்டி, பாதிப் பாதியாகப் பிளாஸ்டிக்கில் சுற்றி விற்றார். இலோயிலோவில் ஒரு மணப்பெண் பூச்செண்டுக்குப் பதில் வெங்காயச் செண்டு பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டார். வளைகுடாவிலிருந்து வந்த விமானத்தின் பணியாளர்கள் பெட்டியில் வெங்காயம் கொண்டுவந்து சுங்கத்தில் மாட்டினார்கள். நாடு சிரித்தது. பதுக்கல் பற்றி நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தது, விலை இறங்கியது, பேச்சும் அடங்கியது.

அரிசி விஷயம் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. மூன்று வேளையும் சோறு சாப்பிடும் ஜனங்கள். பர்கர் கடையில்கூட வறுத்த கோழிக்குச் சோறு வைத்துத்தான் தருவார்கள். கிலோ 20 பெசோவுக்கு அரிசி என்று 2022 தேர்தலில் இன்றைய அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியர் வாக்குக் கொடுத்தார். அது நடைமுறைக்கு வந்தது மூன்று வருடம் கழித்து, 2025 மே மாதம், செபு மாகாணத்தில். எல்லோருக்கும் இல்லை, ஏழைகளுக்கும் முதியவர்களுக்கும், இன்னின்ன கடையில், இத்தனை கிலோ என்ற அளவோடு. சந்தையில் அப்போது சாதாரண ரகமே அதைப்போல் இரண்டு பங்கு. உலகத்திலேயே அதிகம் அரிசி இறக்குமதி செய்யும் நாடு இன்றைக்கு பிலிப்பைன்ஸ். 2024இல் மட்டும் 45 லட்சம் டன்னுக்கு மேல், பெரும்பகுதி வியட்நாமிலிருந்து.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ச்சி இருக்க வேண்டும். ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20, ஐ.ஆர்.36, ஐ.ஆர்.50 என்று நம் வயல்களில் விதைத்த பெயர்களெல்லாம் பிறந்தது மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில். 1960இல் தொடங்கியது. இந்தோனேசியாவின் உயரமான பேட்டா ரகத்தையும் தைவானின் குட்டை ரகத்தையும் கலந்து 1966இல் ஐ.ஆர்.8ஐ வெளியிட்டது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநர். ஆசியாவுக்கு விதை கொடுத்த ஊர் இருக்கும் நாட்டில் அரிசிக்குக் கப்பலை எதிர்பார்க்கிறார்கள். ‘நம்மிடம் படித்துப் போன வியட்நாமிடமே வாங்கித் தின்கிறோம்’ என்பது இங்கே டீக்கடை அரசியலின் நிரந்தர அங்கலாய்ப்பு.

காரணம் விதையில் இல்லை. தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாட்டில் மெகோங் போன்ற பெரிய டெல்டா கிடையாது. வருடா வருடம் புயல். பாசனத்துக்கும் உலர்த்தும் களத்துக்கும் கிடங்குக்கும் போக வேண்டிய பணம் போகவில்லை. 2019இல் வந்த சட்டம் இறக்குமதிக் கட்டுப்பாட்டை நீக்கி வரி மட்டும் வைத்தது. நகரத்துக்காரனுக்கு விலை குறையும் என்றார்கள். நெல் விலை விழுந்த அளவுக்கு ஆத்தே கடையில் அரிசி விலை இறங்கவில்லை. நடுவில் இருக்கும் வியாபாரி வழக்கம்போல் நடுவிலேயே இருக்கிறார்.

பதிமூன்று பெசோ

ஜீப்னியில் ஏறப் பின்பக்கம்தான் வழி. இரண்டு நீளப் பலகை இருக்கை, எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். கண்டக்டர் கிடையாது. நீங்கள் கடைசியில் உட்கார்ந்திருந்தால் காசை நீட்டி ‘பாயாத் போ’ என்று சொன்னால் போதும், பக்கத்தில் இருப்பவர் வாங்கி, அவருக்கு அடுத்தவர் வாங்கி, ஆறேழு கை மாறி டிரைவரிடம் போய்ச் சேரும். அவர் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேல் கையை வளைத்து வாங்கி, கியர் மாற்றிக்கொண்டே சில்லறையைத் திருப்பி அனுப்புவார். அதுவும் அதே கைகள் வழியாகவே வந்து சேரும். கடைசியில் இருப்பவர் 100 பெசோ கொடுத்து 87 சரியாகத் திரும்பி வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முனை திரும்பும்போது காசு கொடுக்காமல் குதித்து ஓடும் பையன்களும் உண்டு. அதற்கும் ஒரு செல்லப் பெயர் இருக்கிறது: ‘ஒன்-டூ-த்ரீ’.

இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்களை நீட்டி, கூரை போட்டு, பெயின்ட் அடித்துத் தொடங்கிய வாகனம் இது. முகப்பில் குதிரை பொம்மை, பக்கவாட்டில் மாதா, டிரைவரின் பிள்ளைகளின் பெயர், எந்த நாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கியது என்ற விவரம். புகை கக்கும், சந்தேகமே இல்லை. 2017இல் அரசு நவீனமயத் திட்டம் கொண்டுவந்தது. பழைய வண்டிகளைக் கழித்துவிட்டு யூரோ-4 எஞ்சின் அல்லது மின்சார வண்டி வாங்க வேண்டும்; தனித்தனியாக ஓட்டக்கூடாது, கூட்டுறவு சங்கமாகவோ கம்பெனியாகவோ சேர வேண்டும். புது வண்டி 20 லட்சம் பெசோவுக்கு மேல். அன்றன்றைக்கு முதலாளிக்கு வாடகை கட்டி, டீசல் போட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆள் அதற்கு எங்கே போவார்? 2023 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கெடு தள்ளிப்போய்க்கொண்டே வந்து 2024 ஏப்ரல் 30 ஆனது. அதற்குள் சங்கத்தில் சேராத வண்டி சட்டவிரோதம் என்றது அரசு.

காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாஸ்க் போட்டும் தும்முகிறவன் நான். ஆனால் அந்தச் சுத்தத்தின் விலையை ஊரிலேயே குறைவாகச் சம்பாதிக்கும் டிரைவர் தலையில் கட்டியது அநியாயம். மெட்ரோ ரயில் போதாத நகரத்தில் இத்தனை காலம் பொதுப் போக்குவரத்தை நடத்தியது அரசாங்கமா என்ன? 2025இல் குறைந்தபட்சக் கட்டணம் 13 பெசோ, மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் 20 சதவீதத் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியும் டிரைவர் பையிலிருந்துதான்.

பக்கத்துப் பக்கத்து நாற்காலி

2025 மார்ச் 11. ஹாங்காங்கிலிருந்து மணிலா விமான நிலையத்தில் வந்திறங்கிய முன்னாள் அதிபர் ரொட்ரிகோ துதெர்தேவை சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வாரண்டைக் காட்டிக் கைது செய்தார்கள். அன்றிரவே விமானம் ஹேக் நகருக்குக் கிளம்பிவிட்டது. எங்கள் ஆபீஸ் இரவு ஷிப்ட். அமெரிக்கக்காரனின் பகல்தான் எங்கள் ராத்திரி. என் குழுவில் ஒரு பெண்ணுக்கு சொந்த ஊர் தாவாவ். துதெர்தே இருபது வருடத்துக்கு மேல் மேயராக இருந்த ஊர். பொது இடத்தில் சிகரெட் பிடிக்க முடியாது, பட்டாசு கிடையாது, ராத்திரி பெண்கள் தனியாக நடக்கலாம் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அங்கே எம்.பி.பி.எஸ். கனவோடு போயிருக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இதையேதான் பெற்றோரிடம் சொல்லித் தைரியப்படுத்துகிறார்கள். அந்தப் பெண் அன்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். அவளுக்கு அவர் தாத்தா மாதிரி.

அடுத்த நாற்காலியில் இருப்பவன் மணிலாவை ஒட்டிய கலோகான்காரன். போதைமருந்துக்கு எதிரான போர் என்று துதெர்தே 2016இல் தொடங்கியதில் செத்தவர்கள் 6,000 பேருக்கு மேல் என்பது அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத் தரப்பு 12,000 முதல் 30,000 வரை சொல்லியிருக்கிறது. 2017 ஆகஸ்டில் கலோகானில் கியான் டெலோஸ் சாண்டோஸ் என்ற 17 வயதுப் பையனைச் சுட்டுவிட்டு, அவன்தான் முதலில் சுட்டான் என்றது போலீஸ். தெரு கேமரா வேறு கதை சொன்னது. மூன்று போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. என் சகாவின் சித்தி மகனும் அந்த வருடங்களில் ஒன்றில்தான் போனான். கேமரா இல்லாத தெரு.

இருவரும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஆபீஸ் கூடைப்பந்துப் போட்டிக்கு ஸ்கோர் எழுத ஆள் வேண்டியிருந்தது. அவன் விளையாடுகிறவன், அவள்தான் எழுதுவாள். பேச்சு திரும்பியது. துதெர்தே பெயர் மட்டும் வருவதில்லை. மே மாதத் தேர்தலில் ஹேக் சிறையில் இருந்தபடியே அவர் தாவாவ் மேயராக ஜெயித்தார். மகள் சாரா நாட்டின் துணை அதிபர். 2022இல் மார்கோஸும் சாராவும் ஒரே மேடையில் கைகோத்து நின்று ஜெயித்தவர்கள். இன்றைக்கு இரண்டு குடும்பமும் நேரெதிர். நீதி கிடைத்ததா, குடும்பச் சண்டையில் ஒரு பக்கம் ஜெயித்ததா என்று கேட்டால் கலோகான்காரன் தோளைக் குலுக்குகிறான். “எப்படிக் கிடைச்சா என்ன?”

செய்தி எங்கிருந்து கிடைக்கிறது என்பதும் இந்தப் பிளவில் ஒரு பங்கு. மிகப் பெரிய ஒளிபரப்பு நிறுவனமான ஏ.பி.எஸ்-சி.பி.என்.னுக்கு 2020இல் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. சில தொலைதூரத் தீவுகளில் அந்த அலைவரிசை மட்டும்தான் எட்டியது. மே 5 அன்று அது அணைந்தது. ராப்ளர் இணைய இதழை நடத்தும் மரியா ரெஸ்ஸா 2021இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியபோது அவர் மீது வழக்குகள் வரிசையாக இருந்தன. 2009இல் மகிந்தனாவ் படுகொலையில் ஒரே நாளில் கொல்லப்பட்ட 58 பேரில் 32 பேர் பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர்கள். இவ்வளவு விலை கொடுத்துச் செய்தி சேகரிக்கும் நாட்டில், பெரும்பாலானவர்கள் செய்தி என்று படிப்பது போனில் டேட்டா செலவில்லாமல் வரும் ஃபேஸ்புக் பதிவுகளை.

கட்டாத சுவர்

முழங்கால் தண்ணீரில் கல்யாணம் நடந்த அதே புலாகான் மாகாணம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாலிவாக் நகரில் ஆற்றுத் தடுப்புச் சுவர் ஒன்றைப் பார்க்க அதிபர் மார்கோஸ் போனார். சுமார் 5.5 கோடி பெசோவுக்கு வேலை முடிந்ததாகக் காகிதத்தில் இருந்தது. நேரில் ஒரு கல்கூட இல்லை. இங்கே இதற்கு ‘பேய்த் திட்டம்’ என்று பெயர்.

அதற்கு முன்பே, ஜூலை 28 அன்று நாடாளுமன்ற உரையில், வெள்ளத் தடுப்புப் பணத்தைத் தின்றவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று மார்கோஸ் சொன்னபோது எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆகஸ்டில் அவரே வெளியிட்ட கணக்கு: 2022 ஜூலைக்குப் பிறகு 9,855 வெள்ளத் தடுப்புத் திட்டங்கள், மொத்தம் 54,500 கோடி பெசோ. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெறும் 15 ஒப்பந்தக்காரர்களுக்குப் போயிருக்கிறது. அந்தப் பணம் முழுக்க அவருடைய ஆட்சியில் செலவானதுதான் என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. மக்கள் கவனிக்காமலும் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஆத்தே கடையில் நேரலையாக ஓடியது. செனட் விசாரணை. ஒப்பந்தக்காரர் குடும்பம் ஒன்றின் சொகுசு கார் வரிசை. அதில் ஒரு ரோல்ஸ் ராய்ஸை, கூட வரும் குடை பிடித்துப் போனதால் வாங்கியதாக அந்த வீட்டு அம்மா முன்பொரு பேட்டியில் சொல்லியிருந்தது தோண்டியெடுக்கப்பட்டு வீடு வீடாகச் சுற்றியது. ஊழல் தொகைகளைக் கேட்டு மக்கள் ஓரளவு மரத்துப்போயிருந்தார்கள். ஆயிரம் கோடிக்கு எத்தனை சைபர் என்று யாருக்குத் தெரியும்? குடை எல்லோருக்கும் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவனுக்கு அந்தக் குடை சுருக்கென்று குத்தியது. “எங்க வெள்ளத்துல அவங்களுக்குக் குடை” என்றார் ஆத்தே. அவர் சிரிக்காமல் ஒரு விஷயத்தைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

பொதுப்பணித் துறைச் செயலர் பதவி விலகினார். கீழவை சபாநாயகர் மார்ட்டின் ரொமுவால்டெஸ், அதிபரின் மாமன் மகன், குற்றச்சாட்டை மறுத்தபடியே செப்டம்பர் 17இல் விலகினார். செப்டம்பர் 21 ஞாயிற்றுக்கிழமை லுனேட்டா பூங்காவிலும் எட்சா சாலையிலும் பல்லாயிரக்கணக்கில் கூடினார்கள். தேதி தற்செயல் இல்லை. 1972இல் இன்றைய அதிபரின் அப்பா ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்ததை நினைவுகூரும் நாள் அது. 1986 பிப்ரவரியில் அந்த அப்பாவை நாட்டை விட்டு ஓட வைத்ததும் அதே எட்சா சாலைதான். எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் பாதிப் பேர் வெள்ளைச் சட்டையில் போனார்கள். கலோகான்காரன் போனான். தாவாவ் பெண்ணும் போனாள், வேறொரு கூட்டத்தோடு. அதிபர் மாளிகைப் பக்கம் கல்லெறி நடந்து, பிடிபட்டவர்களில் சிறுவர்களும் நிறைய.

இதெல்லாம் நடந்ததால் மழை காத்திருக்குமா? செப்டம்பர் 30 இரவு செபுவின் வடக்கே 6.9 அளவில் பூகம்பம். நவம்பர் 4 அன்று அதே செபுவைத் தீனோ புயல் தாக்கியது. நாடு முழுக்க 200க்கு மேல் சாவு, பெரும்பகுதி செபுவில். வீட்டுக்கூரையில் ஏறி நின்றவர்களுக்கு முன்னால் கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மிதந்தன. வெள்ளத் தடுப்புக்காக 2,600 கோடி பெசோ செபுவுக்கு ஒதுக்கியும் இப்படி மூழ்கிவிட்டோமே என்று அந்த மாகாண ஆளுநரே கேட்டார்.

டிசம்பர் சம்பளம், நவம்பர் தேர்தல்

இத்தனைக்கும் நாடு ஏன் கவிழ்ந்துவிடவில்லை என்று ஊரிலிருந்து போன் பண்ணும் நண்பர்கள் கேட்கிறார்கள். என் பதில் ரொமான்டிக்கானது இல்லை. 2024இல் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் வங்கி வழியாக மட்டும் அனுப்பிய பணம் 3,400 கோடி டாலருக்கு மேல். துபாயில் ஓட்டல், ஹாங்காங்கில் வீட்டுவேலை, அமெரிக்காவில் நர்ஸ், எந்தக் கடலிலும் ஒரு கப்பல். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவின் கணவர் எண்ணெய்க் கப்பலில் எஞ்சின் அறையில் இருக்கிறார். வெள்ளத்தில் போன ஃபிரிட்ஜுக்குப் பதில் புது ஃபிரிட்ஜ் வந்தது அரசு நிவாரணத்தில் இல்லை, அவர் சம்பளத்தில். 1974இல் மூத்த மார்கோஸ் தொழிலாளர் சட்டத்தில் வெளிநாட்டு வேலைக்கென்று கதவைத் திறந்து வைத்தார். வேலையில்லாத் திண்டாட்டத்துக்குத் தற்காலிக வழி என்றார்கள். ஐம்பது வருடமாக அது தற்காலிகமாகவே இருக்கிறது.

செப்டம்பர் பிறந்ததுமே இங்கே கிறிஸ்துமஸ் பாட்டு தொடங்கிவிடும். மாலில் நுழைந்தால் தப்ப முடியாது. டிசம்பர் 24க்குள் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது 1975லிருந்து சட்டம். ஆத்தேயின் கடன் நோட்டில் கோடுகள் விழுவது அப்போதுதான். வீட்டுச் சொந்தக்காரம்மாவுக்கும் கணவரிடமிருந்து ஆளுயர அட்டைப்பெட்டி வரும்: சாக்லேட், சோப்பு, டின் மாட்டிறைச்சி, யாருக்கு எது என்று பெயர் எழுதிய டி-ஷர்ட்டுகள். போன தடவை எனக்கும் ஒரு சோப்பு இருந்தது. இதே சோப்பு ஆத்தே கடையில் கிடைக்கிறது என்பதை நான் வாய் திறக்கவில்லை.

பராங்காய் என்று சொல்லப்படும் அடிமட்ட உள்ளாட்சிகள், நம் ஊர் வார்டு மாதிரி, நாட்டில் 42,000 இருக்கின்றன. அவற்றுக்கு 2025 டிசம்பரில் நடக்க வேண்டிய தேர்தலை 2026 நவம்பருக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஆத்தேக்கு அதில் தனிப்பட்ட வருத்தம் உண்டு. வேட்பாளர்கள் முகம் போட்டு அச்சடிக்கும் தார்ப்பாய் பேனர்கள் தேர்தல் முடிந்ததும் அவர் கடைக்கூரைக்கு வந்துவிடும். இப்போது மேலே விரித்திருப்பது 2025 மே தேர்தலில் தோற்ற ஒருவருடையது, ஒரு கண்ணுக்குப் பக்கத்தில் கிழிந்து ஒழுகுகிறது. இரண்டு வேட்பாளர்கள் இப்போதே வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாருக்கு ஓட்டு என்று கேட்டேன்.

“இன்னும் முடிவு பண்ணல குயா. தடிமன் பார்த்துட்டுச் சொல்றேன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்கேன்.”